தேவனாம்பட்டினக் கரையும் சலங்கின் பலகையும்

சென்னைக்குத் தெற்கே நாகப்பட்டினம் வரையில் நீண்டு கிடக்கும் சோழமண்டலக் கரையில், பெருங்கப்பல் ஒன்று அலைக்கு அஞ்சாமல் வந்து நிற்கத்தக்க ஆழமும் அரணும் உள்ள இயற்கைத் துறைமுகம் இல்லை என்பது, அக்கரையின் மரக்கலங்களை ஆராயப் புகுவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய விஷயமாகும். ஆறுகள் பல கடலோடு கலக்கின்றன. ஆயினும் அவற்றின் முகங்களை மணல்திட்டுகள் அடைத்து நிற்க, மழைக்காலத்து வெள்ளம் திறந்துவிட்ட வழியைக் கோடைக்காலத்துக் கடலோட்டம் மீண்டும் தூர்த்துவிடுகிறது. ஆகவே கப்பல்கள் கரைக்கு அப்பால் தொலைவில் நங்கூரமிட்டு நிற்பதும், சரக்கும் மனிதரும் சிறு படகுகளில் ஏறி, வரிசை வரிசையாய் உருண்டுவந்து உடையும் அலைகளைக் கடந்து கரைசேர்வதும் பல நூற்றாண்டுகளாக இக்கரையின் நியதியாக இருந்தன. அந்த அலைகளைக் கடக்கும் படகு எவ்வாறு அமையவேண்டும் என்ற கேள்விக்கு நம் நாட்டுத் தச்சர் கண்ட விடை பலகையின் விளிம்பிலும் அதன் இணைப்பிலும் அடங்கியிருந்தது என்பதைக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தை நடுவாக வைத்து ஆராய்வதே இங்கே நோக்கம்.

கெடிலம் கடலிற் கலக்கும் முகத்தை ஒட்டியுள்ள தேவனாம்பட்டினம், சரித்திர நூல்களில் செயிண்ட் டேவிட் கோட்டையின் பெயரால் அறியப்பட்டது. 1690-ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கோட்டையை விலைக்கு வாங்கியபோது, நாற்புறமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரையுள்ள ஊர்களெல்லாம் தமக்கு உரியவை என்று எல்லை வகுத்துக்கொண்டனர். குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் அச்செய்தியை இன்றும் தாங்கி நிற்கிறது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின் 1752 வரையில் இக்கோட்டையே இக்கரையில் ஆங்கிலேயரின் தலைமை ஸ்தானமாயிற்று. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் சேனை இதனைக் கைப்பற்றி இடித்தது. இந்த யுத்தங்களைப் பற்றி எழுதியவர் பலர். ஆனால் அந்த யுத்தங்களுக்கு வேண்டிய வெடிமருந்தும், வெள்ளிப் பெட்டிகளும், திரும்பிச் செல்லும் கப்பல்களுக்குரிய துணிப்பொதிகளும், கவர்னர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும்கூட, ஓர் ஆணியும் அறையப்படாமல் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்ட படகுகளை நம்பியே இக்கரையின் அலைகளைக் கடக்க நேர்ந்தது என்பதைச் சரித்திராசிரியர்கள் ஒரு வரிக்கு மேல் பேசியதில்லை. கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் பெருமான் அக்கல்லே தெப்பமாகக் கரையேறினார் என்ற ஐதிகத்தைக் கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயரில் காத்துவரும் பிரதேசம் இது. இங்கே கரையேறுதல் என்பது என்றுமே எளிய காரியமாக எண்ணப்படவில்லை.

ஆங்கிலேயர் மசூலா என்று எழுதிய அந்தப் படகைத் தமிழர் சலங்கு என்றும், பொதுவாகப் படகு என்றும் வழங்கினர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், புதுச்சேரிக்கு வந்த கப்பல்களின் சரக்கை ஏற்றி இறக்கிய சந்தர்ப்பங்களில் சலங்குகள் பேசப்படுகின்றன. 1669 முதல் 1679 வரை வங்கக் கடற்கரை நாடுகளிற் சஞ்சரித்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கில மாலுமி, இப்படகுகள் அகன்ற மெல்லிய பலகைகளைக் கயிற்றால் தைத்து ஆக்கப்பட்டவை என்றும், பக்கங்களைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள் தவிர உள்ளே வேறு மரம் எதுவும் இல்லாதவை என்றும், அடி தட்டையானவை என்றும், பார்வைக்கு அவலட்சணமானவை என்றும் குறித்து வைத்தார். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராயிருந்த ஜான் எடை, 1834-ல் ராயல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையில், சலங்கின் நீளம் 30 முதல் 35 அடி, அகலம் 10 முதல் 11 அடி, ஆழம் 7 முதல் 8 அடி என்று அளவு கொடுத்திருக்கிறார். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலமும், அதற்குச் சற்றே குறைந்த ஆழமும் உடைய இந்த உருவம் வேகத்துக்கு ஏற்றதன்று. அலையின் முதுகில் உயரமாக மிதந்து, மணலில் தட்டையாக உட்காருவதற்கென்றே அமைந்த உருவம் அது. பௌரியின் கண்ணுக்கு அவலட்சணமாகத் தோன்றியது உண்மையில் ஒரு பிரயோஜனத்தின் நேர்த்தியே என்பது என் அபிப்பிராயம்.

இனிப் பலகைக்கு வருவோம். மேல்நாட்டுக் கப்பல் தச்சில் பிற்காலத்தில் நிலைபெற்ற முறைப்படி, முதலில் ஏரா எனப்படும் அடிமரம் கிடத்தப்படும். அதன்மேல் வங்குகள் எனப்படும் விலாக்கட்டைகள் வரிசையாக நிறுத்தப்படும். கப்பலின் உருவம் முழுவதும் அந்த விலாக்களின் வளைவிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடும். பலகை என்பது அந்த எலும்புக்கூட்டின்மேல் போர்த்தப்படும் தோலாக மட்டும் நிற்கும். தைத்த படகில் இந்தக் கிரமம் தலைகீழாகிறது. அங்கே விலா இல்லை. அடிப்பலகை கிடத்தப்பட்டபின், அதன் இரு விளிம்புகளிலும் அடுத்த பலகைகள் பொருத்தப்பட்டு, அவற்றின் விளிம்பில் அவற்றிற்கு மேலுள்ளவை பொருத்தப்பட்டு, இவ்வாறு ஒன்று மற்றொன்றுக்கு இடங்கொடுத்து ஏற, ஏற, படகு தன் உருவத்தைத் தானே பெறுகிறது. ஆகையால் ஒவ்வொரு பலகையும் அறுக்கப்படும்போதே, முடிவில் படகு எப்படி இருக்கும் என்பது தச்சனுடைய மனத்தில் தெளிவாக இருந்தாக வேண்டும். கீழ்ப்பலகையின் விளிம்பில் அரை அங்குலம் மிகுந்தால் அல்லது குறைந்தால், அந்தப் பேதம் மேலே போகப் போகப் பெருகி அணியம் எனப்படும் முன்முனையின் நிமிர்வையே மாற்றிவிடும்.

மரக்கலத் தச்சராகிய ஓடாவிகளின் வேலையை அறியாதவர்க்கு வியப்பளிக்கும் ஒரு விஷயம், படகின் பக்கத்தில் நேராக ஓடுவதுபோலத் தோன்றும் பலகை, தரையில் கிடத்திப் பார்த்தால் நேராக இராது என்பதுதான். பூசணிக்காயின் தோலை மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாகச் சீவி, ஒரு கீற்றைத் தரையில் பரப்பினால், அது நடுவில் அகன்று இரு நுனியிலும் ஒடுங்கித் தோன்றும். படகின் உடலும் நடுவில் பருத்து இரு முனையிலும் கூம்புவதால், பலகைகளும் அவ்வாறே நடுவில் அகன்று நுனிகளில் ஒடுங்க வேண்டும். அது மட்டுமன்று. நேரான விளிம்புள்ள பலகை ஒன்றை, ஒரே சமயத்தில் வளைவும் சாய்வும் கொண்ட பரப்பின்மேல் சுற்ற முயன்றால், அதன் நடு ஒரு திசையிலும் நுனிகள் மற்றொரு திசையிலும் விலகிப் போகும். வலிந்து இழுத்தால் விளிம்பு சுருளும், அல்லது பலகை நார்வழியே பிளந்துவிடும். ஆகவே வளைந்து ஏறியபின் நேராகத் தெரியவேண்டிய விளிம்பை, தரையிற் கிடக்கும்போது வில்போல வளைத்து அறுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு வளைவு என்பதே கேள்வி. அதற்குக் கணித சூத்திரங்கள் உள்ளன; ஆனால் நம் தச்சர் நூற்கயிற்றைப் பிடித்து, மரத்தின் மேல் கரிக்கோடு இட்டு, கண்ணால் ஓட்டிப் பார்த்து அதனைக் கண்டனர்.

மரத்தைத் தேர்வதிலேயே இந்த வேலை தொடங்குகிறது. வளைந்து வளர்ந்த மரத்தை அறுத்தால் அதன் நாரும் வளைந்தே ஓடும்; அத்தகைய பலகையை வளைந்த இடத்துக்கு வைத்தால், நார் குறுக்கே வெட்டுப்படாமல் விளிம்பு முழுதும் தொடர்ந்து செல்லும். நேரான மரத்திலிருந்து வளைந்த பலகையை அறுத்தெடுப்பவன் மரத்தை வீணாக்குவதோடு, வெட்டுண்ட நாரின் வழியே பிளவுக்கும் இடங்கொடுக்கிறான். கணு உள்ள இடத்தில் துளை விழக்கூடாது. மரத்தின் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதி நீரில் விரைவில் உளுத்துப்போவதால் வைரம் உள்ள பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே வர வேண்டும். கேரளக் கரையில் படகுப் பலகைக்கு அயினி பெரிதும் மதிக்கப்படுவதற்குக் காரணம், அது நீண்ட நேரான நாரும், நீரைத் தாங்கும் குணமும் ஒருங்கே உடையது என்பதாகும்.

பலகையை வளைப்பதற்கு நெருப்பும் நீருமே கருவிகள். மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பிசின் போன்ற வஸ்து, ஈரமும் சூடும் சேர்ந்தபோது, நீர் கொதிக்கும் உஷ்ணத்தை நெருங்குகையில் இளகுகிறது. ஆறியவுடன் மீண்டும் இறுகுகிறது. அந்த இளக்கம் நிலவும் சில நிமிஷங்களில் பலகையை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும். ஐரோப்பியப் பட்டறைகளில் மூடிய பெட்டிக்குள் நீராவியைச் செலுத்தி, கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் பலகையை வேகவைப்பது வழக்கம். நம் கரைகளில் பெட்டி கிடையாது. பலகையை இரண்டு தாங்கிகளின்மேல் வைத்து, அடியில் ஓலையும் மட்டையும் எரித்து, கருகாதபடி நீர் தெளித்துக்கொண்டே, ஒரு நுனியைக் கட்டிவைத்து மறு நுனியில் பாரம் ஏற்றியோ நெம்புகோல் பூட்டியோ மெல்ல மெல்ல முறுக்குவார்கள். அடிப்பலகைக்கு அடுத்த பலகைதான் எல்லாவற்றினும் கடினமானது. அது படகின் நடுவில் ஏறக்குறையத் தரைக்குச் சமமாகக் கிடந்து, அணியத்தை அடையும்போது செங்குத்தாக நிமிரவேண்டியிருப்பதால், வளைவோடு முறுக்கும் சேர்ந்துகொள்கிறது. தச்சனின் தரத்தை அறிய விரும்புகிறவர் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

வளைத்த பலகையை விளிம்போடு விளிம்பு பொருத்துவது அடுத்த கட்டம். கீழ்ப்பலகையின் விளிம்பில் காவியோ கரியோ தடவி, மேற்பலகையை அதன்மேல் அழுத்தி எடுத்தால், தொட்ட இடங்களில் மட்டும் கறை படியும். கறை படிந்த மேடுகளை வாய்ச்சியாலும் இழைப்புளியாலும் சீவி, மீண்டும் அழுத்திப் பார்த்து, கறை ஒரே கோடாக ஓடும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்வது உலகமெங்கும் மரக்கலத் தச்சர் அறிந்த உபாயம். விளிம்பின் சாய்வும் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறும். தட்டையான அடிப்பாகத்தில் ஏறக்குறைய நேர்கோணமாக நிற்பது, பக்கம் நிமிரும் இடத்தில் சரிவாகிறது. இந்தச் சாய்வு தவறினால் பொருத்து வெளிப்புறத்தில் மூடியும் உட்புறத்தில் வாய்திறந்தும் நிற்கும். அப்படிப்பட்ட பொருத்தை எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் நீர் உள்ளே வரும்.

தையலில் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. இரு பலகைகளின் விளிம்புகளுக்கும் அருகில் துரப்பணத்தால் ஒன்றுக்கொன்று நேராகத் துளைகள் இடப்படும். பொருத்தின்மேல் தென்னை நாரை அல்லது வைக்கோலைத் திரித்த தடித்த புரி ஒன்று நீளமாக வைக்கப்பட்டு, அதன்மேல் குறுக்கும் மறுக்குமாகக் கயிறு பாய்ந்து, துளை வழியே வெளியே போய் மறுதுளை வழியே திரும்பும். ஒவ்வொரு இழுப்பையும் கட்டையால் நெம்பி இறுக்குவார்கள். பின்பு துளைகளை நாரால் அடைப்பார்கள். படகு கடலில் இறங்கியதும் நார்ப்புரி நீரைக் குடித்துப் பருத்துப் பொருத்தை அழுத்துகிறது. கயிறு அதனை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பலகையை மயிரிழையும் பிசகாமல் சீவிப் பொருத்துவதும், பின்பு அதனை அசைவதற்கு இடம் வைத்து நெகிழ்வான நாரால் பிணைப்பதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். ஆனால் பொருத்து நேர்த்தியாக இருந்தால்தான் நெகிழ்ச்சி அபாயமாகாது. விளிம்பு முழுவதும் தொட்டுக்கொண்டிருக்கும்போது படகு முறுக்குண்டாலும் வாய் எங்கும் திறவாமல் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று சிறிது நகர்ந்து மீள்கின்றன.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் ஆணியைத் தவிர்த்தார்கள்? போஜராஜன் பெயரால் வழங்கும் யுக்தி கல்பதரு என்னும் சம்ஸ்கிருத நூல், கடலிற் செல்லும் கலத்தில் இரும்பைப் பயன்படுத்தலாகாது, காந்தப் பாறைகள் அதனைக் கவர்ந்து இழுத்துவிடும் என்று கூறுகிறது. ராதாகுமுத் முகர்ஜி 1912-ல் வெளியிட்ட இந்தியக் கப்பற்போக்குவரத்து சரித்திரத்தில் இதனை எடுத்தாண்டபின் பலரும் இதனைக் காரணமாகச் சொல்லி வந்திருக்கின்றனர். இரும்பு கிடைக்காமையே காரணம் என்பாரும் உண்டு. இரண்டும் இக்கரைக்குப் பொருந்தா. தமிழ்நாட்டு உருக்கு பண்டைக்காலத்திலேயே பிற நாடுகளில் புகழ்பெற்றது. இதே கடலூர்க் கரையின் தெற்கே, பரங்கிப்பேட்டையில், ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-ஐ ஒட்டி இரும்பாலை ஒன்றையே நிறுவி நடத்தினார். இரும்பு உருகிய ஊருக்குச் சில காத தூரத்தில் படகுகள் கயிற்றால் தைக்கப்பட்டுக்கொண்டே இருந்தன.

காரணத்தை மணலில்தான் தேட வேண்டும். அலையின் முதுகில் ஏறிவரும் படகு, அலை உடைந்து விலகும் கணத்தில், தன் பாரம் முழுவதோடும் மணலில் மோதுகிறது. அடுத்த அலை அதனைத் தூக்கி மறுபடி போடுகிறது. விறைப்பான விலாக்களில் ஆணி அறைந்து கட்டிய படகில் அந்த அதிர்ச்சி ஆணி நிற்கும் சில இடங்களிலேயே குவிகிறது. ஆணித்துளை பெரிதாகும், பலகை பிளக்கும். உப்புநீரில் துருவேறும் இரும்பு சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். தைத்த படகிலோ அதிர்ச்சி ஆயிரக்கணக்கான இழைகளில் பகிர்ந்து கொள்ளப்படுகிறது. தென்னை நார் அறுந்துபோவதற்கு முன் நன்றாக நீளக்கூடியது. ஆகவே படகின் உடல் முழுவதும் ஒருமுறை நெளிந்து அடியை ஏற்றுக்கொண்டு மீள்கிறது. இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. படகு எப்போதும் சிறிது ஒழுகிற்று. ஒருவர் நீரை இறைத்துக்கொண்டே இருக்க நேர்ந்தது. கயிறு நைந்தபின் தையல் முழுவதையும் பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டியதாயிற்று.

இந்த வாதத்துக்கு ஓர் ஆட்சேபம் உண்டு; அதை மறைத்துச் செல்வது நியாயமாகாது. கேரளத்துக் கெட்டுவள்ளம் அலையே இல்லாத காயல்களில் ஓடுவது. அதுவும் கயிற்றால் கட்டப்படுவதுதான். ஆகவே தையல் என்ற முறை அலைக்காகவே தோன்றிற்று என்று சொல்லிவிட முடியாது. தென்னை மலிந்த நாட்டில் நார்க்கயிறு இரும்பைவிட மலிவு. கெட்டுப்போன ஒரு பலகையை மட்டும் பிரித்து மாற்றுவது எளிது. தலைமுறை தலைமுறையாக வந்த சம்பிரதாயமும் தன் பலத்தைக் காட்டும். ஆனால் ஒரே ஊரில் இரண்டு முறைகளும் அருகருகே நின்றபோது எது எங்கே நிலைத்தது என்று பார்த்தால், கரையின் தீர்ப்பு தெளிவாகிறது. அதற்குக் கடலூரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே சிறிது தூரத்தில் கடலூர் முதுநகர் இருக்கிறது. அங்கே உப்பனாறு கரைக்கு இணையாக ஓடி, மணல்மேட்டின் மறைவில் அமைதியான நீர்ப்பரப்பைத் தருகிறது. மணலில் மோதவேண்டிய அவசியம் அங்கே படகுக்கு இல்லை. ஆகையால் ஆற்றுமுகங்களில் வளர்ந்தது தோணி. ஜான் எடையின் கட்டுரையிலேயே சோழமண்டலத் தோணிக்கு ஏறத்தாழ 70 அடி நீளமும் 20 அடி அகலமும் 12 அடி ஆழமும் கூறப்பட்டிருக்கின்றன. இலங்கைக்கும் பிற துறைகளுக்கும் சரக்கேற்றிச் செல்லும் அத்தகைய பெருங்கலத்தைக் கயிற்றின் நெகிழ்ச்சியில் விட்டுவைக்க முடியாது. அதற்கு வங்கும் ஆணியும் கலப்பற்றும் வேண்டும். பொருத்தில் நாரையோ பஞ்சையோ உளிகொண்டு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசும் கலப்பற்று, பலகை அசையாது நிற்கும் என்ற நம்பிக்கையின் மேலேயே செய்யப்படுவது. ஒரே ஊரின் இரண்டு கரைகளில், பலகை அசையலாம் என்று எண்ணிய தச்சும், அசையக்கூடாது என்று எண்ணிய தச்சும் இவ்வாறு எதிரெதிரே வளர்ந்தன.

பாக் நீரிணைப் பக்கம் வழங்கும் வத்தை என்னும் படகு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஷான் மக்ரெயில், லூசி புளூ, எரிக் கென்ட்லி ஆகிய ஆய்வாளர்கள் 1990-களில் அதனை நேரில் ஆராய்ந்து, விலாக்களின் வடிவைத் தச்சர்கள் முன்கூட்டியே அளவுப்பலகையின் துணையால் வகுத்துக்கொள்வதைக் கண்டு, இம்முறை மத்தியதரைக் கடற்பகுதியின் பழைய கப்பல் தச்சோடு ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினர். அங்கே அறிவு அளவுப்பலகையில் தங்குகிறது. ஓடாவி இறந்தாலும் அளவுப்பலகை மகனுக்குக் கிடைக்கும். சலங்கு தைத்தவர்களுக்கு அத்தகைய சாதனம் இல்லை. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-ல் அச்சிட்ட கப்பல் சாத்திரம் என்னும் தமிழ்ச் சுவடி நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கலத்தின் அளவுகளையும் மரத்தின் குற்றங்களையும் அவற்றின் சுபாசுபப் பலன்களையும் பேசுவது. பலகையின் விளிம்பை எவ்வளவு வளைத்து அறுப்பது என்பதை அதிலிருந்து கற்க முடியாது. மணிமேகலையிற் பேசப்படும் கலஞ்செய்யும் கம்மியர் காலமுதல் அந்தப் பகுதி ஏட்டில் ஏறாமலே வந்திருக்கிறது.

சென்னையில் 1861-ல் இரும்புப் பாலமும் பின்னர் துறைமுகமும் எழுந்தபோது, சரக்குப் படகாகச் சலங்கின் வாழ்வு குன்றிற்று. கரைவலை இழுக்கும் மீனவரிடம் மட்டும் அது எஞ்சியது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் பொறியாளர்கள், அலைகளைக் கடந்து மணலில் இறங்கத்தக்க இயந்திரப் படகு ஒன்றை வகுக்கப் பல மாதிரிகளைச் செய்து பார்த்தனர். சலங்கின் தச்சன் தீர்த்து வைத்த அதே பிரச்சினையை அவர்கள் புதிய பொருள்களைக் கொண்டு மீண்டும் எடுத்துக்கொண்டனர் என்பதே இதன் பொருள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் அதன் அயல் குப்பங்களையும் தாக்கிப் பெருஞ்சேதம் விளைத்தபின், நிவாரணமாக வந்தவற்றிற் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகளே. கண்ணாடியிழைப் படகின் உருவம் அச்சில் இருக்கிறது. பலகையும் விளிம்பும் அங்கே இல்லை. மீனவருக்கு அது இலகுவும் லாபமும் தருவது. அதைக் குறைகூறுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

ஆயினும் தைக்கும் வித்தை முற்றிலும் மறைந்துவிடவில்லை. அஜந்தா ஓவியக் கப்பலை ஆதாரமாகக் கொண்டு, கேரளக் கைவினைஞரின் உதவியால் கோவாவில் தைத்துக் கட்டப்பட்ட ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா, 2025 மே 21-ல் கார்வாரில் இந்தியக் கடற்படையிற் சேர்க்கப்பட்டது. ஓவியத்தில் ஒரு பக்கம் மட்டுமே தெரிவதால், உடலின் முழு வடிவத்தையும் பொறியாளர்கள் தாமே கணித்துக் கண்டறிய வேண்டியதாயிற்று. சோழமண்டலச் சலங்குக்கு அந்த நிலை வரவேண்டியதில்லை. ஆணி அறைந்த கலத்தைப் பிரித்தால் பலகை சிதையும். தைத்த கலத்தையோ கயிற்றை மட்டும் அறுத்துவிட்டு, ஒவ்வொரு பலகையையும் முழுதாக எடுத்துத் தரையில் பரப்பலாம். இக்கரையில் எங்கேனும், எந்த அருங்காட்சியகத்தின் பின்கட்டிலேனும், பழைய சலங்கு ஒன்று எஞ்சியிருக்குமானால், பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் மையம் நடத்தும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் அதனை இவ்வாறு பிரித்து, பலகை ஒவ்வொன்றின் விளிம்பையும் துளைகளின் இடைவெளியையும் முழு அளவிற் காகிதத்தில் வரைந்து, மீண்டும் தைத்து வைக்கலாம். அந்த வரைபடத்தைக் கொண்டு எந்தத் தச்சனும் நாளையே மரம் அறுக்கத் தொடங்க முடியும்.